ஹார்லன் தனக்கென்று வாங்கிய கொக்கி

சிடார் ஃபோர்க் ஊரில் ஒரு பிக்கப் வண்டியின் பின்கண்ணாடி உடையாமல் இருந்தால் அதற்கு இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று, அந்த வண்டிக்காரர் டிரெய்லரே இழுப்பதில்லை. இல்லையென்றால், அவர் கொக்கி வாங்கியது ஹார்லன் பிக்ஸ்பியிடம்.

மிசோரியின் தென்கோடியில், நெடுஞ்சாலை ஓரத்து டிரெய்லர் கடையில், உதிரிபாகக் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் நின்றவர் ஹார்லன். ஆள் ஒல்லி. காதில் எப்போதும் ஒரு பென்சில். மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாக அவர் எதையும் பார்த்ததில்லை, அதற்கு மேலாகத்தான் பார்ப்பார். எந்தச் சாமான் கேட்டாலும் அதன் ஏழு இலக்க எண்ணைப் புத்தகம் புரட்டாமல் சொல்வார். கல்யாண நாளைக் கேட்டால் மட்டும் மனைவி நெட்ராவைத் திரும்பிப் பார்ப்பார். அது எல்லா ஆண்களுக்கும் உள்ளதுதான், அதை யாரும் நோயென்று சொல்வதில்லை.

அந்தப் பக்கத்தில் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டில் உட்கார மாட்டார், வீட்டையே இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். படுக்கையறை, அடுப்படி, கக்கூஸ் எல்லாம் உள்ள முப்பதடி டிரெய்லர். அதன் மூக்கு பிக்கப்பின் பின்தொட்டிக்கு மேலே ஏறி நிற்கும். மூக்குக்கு அடியில் தொங்கும் இரும்பு முளை, தொட்டிக்குள் பூட்டியிருக்கும் கொக்கியின் தாடையில் விழுந்து, டக்கென்று கவ்வ வேண்டும். தொட்டி எட்டடி நீளமிருந்தால் வம்பில்லை. ஆனால் இப்போது வாங்குகிறவர்கள் எல்லாம் பின்சீட்டில் நாயும் பேரப்பிள்ளைகளும் உட்கார வேண்டும் என்று தொட்டி குட்டையான வண்டியாக வாங்குகிறார்கள். நேர்ரோட்டில் சுகம். பெட்ரோல் பங்கில் ஒரு குறுக்குத் திருப்பம் திருப்பினால், டிரெய்லரின் தோள்பட்டை, அதாவது முன்மூலை, சுழன்று வந்து, டிரைவரின் பின்மண்டைக்கு நேரே உள்ள கண்ணாடியில் முட்டும். சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதற்குப் பிறகு மனைவி பேசுவது எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

இதற்கு மருந்து நகரும் கொக்கி. அதில் இரண்டு ஜாதி. ஒன்று கைப்பிடி வைத்தது. குறுக்கே திருப்புவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி, டிரெய்லர் பிரேக்கைப் போட்டு, இறங்கிப் போய்க் கைப்பிடியை இழுத்துவிட்டு, வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்தினால் கொக்கி பின்னால் போகும், தோள்பட்டைக்கு இடம் கிடைக்கும். திருப்பம் முடிந்ததும் மறுபடி முன்னால் கொண்டுவந்து பூட்ட வேண்டும். இன்னொன்று தானாக நகர்வது. வண்டி வளைய வளைய அதுவே பின்னால் போகும், நிமிர நிமிர அதுவே முன்னால் வரும். ஆனால் பிணம் கனம் கனக்கும், விலையும் இரண்டு மடங்கு.

யாருக்கு எதை விற்பது? மற்ற கடைக்காரர்கள் பர்ஸின் தடிமனைப் பார்ப்பார்கள். ஹார்லன் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்ப்பார்.

கடையைச் சுற்றிக் கம்பிவேலி. உள்ளே டிரெய்லர்களுக்கு நடுவே முளைக்கும் புல்லைத் தின்ன ஓர் ஆடு. சர்ச்சில் காணிக்கைத் தட்டு நீட்டும் டீக்கன் ராய்ஸ் மௌபினுக்கு இருக்கும் அதே தாடி அதற்கும் இருந்ததால், அதன் பெயர் டீக்கன். ராய்ஸுக்கு இதில் வருத்தம்தான். ஆட்டுக்கு வருத்தமில்லை. கேட்டில் முழ நீள எழுத்தில் போர்டு: 'கேட்டைச் சாத்தவும். ஆடு இருக்கிறது.' ஒருவர் உள்ளே வந்து, நின்று, திரும்பி, கொண்டியை மாட்டிவிட்டு வந்தால் அவருக்குக் கைப்பிடிக் கொக்கி போதும். கேட்டை ஆட விட்டுவிட்டு நேரே கவுண்டருக்கு வந்தால் அவருக்குத் தானாக நகர்வதுதான். அவ்வளவுதான் ஹார்லனின் விஞ்ஞானம். கேட்டைப் பார்த்துச் சொல்கிறார் என்பது நெட்ராவுக்கும், பின்னால் பட்டறையில் வேலை பார்த்த டெல்பர்ட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒருமுறை ஓய்வு பெற்ற விமானி ஒருவர் மனைவியோடு வந்தார். கேட் ஆடிக்கொண்டிருந்தது. டெல்பர்ட் ஓடிப்போய் ஆட்டை மறித்துக்கொண்டிருந்தான்.

"கைப்பிடி வச்சது ஒண்ணு குடுங்க" என்றார் விமானி.

"உங்களுக்குத் தானா நகர்றதுதான் சார் சரிப்படும்."

"யோவ், முப்பது வருஷம் விமானம் ஓட்டினவன் நான். சக்கரத்தை இறக்க மறந்திருந்தா இங்க நின்னு உங்கிட்ட பேசிட்டிருப்பேனா?"

"மறந்திருக்க மாட்டீங்க சார். பக்கத்து சீட்ல ஒருத்தர் உக்காந்து ஞாபகப்படுத்தியிருப்பார்."

"இப்ப அந்த சீட்ல நான்தான்" என்றார் அவர் மனைவி. "வண்டி கிளம்பின ரெண்டாவது நிமிஷம் தூங்கிடுவேன்."

விமானி கைப்பிடியைத்தான் வாங்கிப் போனார். மூன்றாவது வாரம் பின்கண்ணாடி இருந்த இடத்தில் பூப்போட்ட போர்வையை ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். ஹார்லன் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எழுந்துபோய்க் கேட்டைச் சாத்திவிட்டு வந்து, தானாக நகர்வதற்குச் சீட்டு எழுதினார்.

இப்படிப்பட்ட ஹார்லனுக்கு அறுபத்தெட்டு வயசானது. ஏப்ரல் கடைசியில் ஓய்வு. வாங்கி வைத்திருந்ததும் குட்டைத் தொட்டி பிக்கப்தான். நீளத் தொட்டி அவர் வீட்டு ஷெட்டுக்குள் நுழையாது, ஷெட்டை இடிக்க நெட்ரா விடமாட்டாள். முப்பத்திரண்டடி டிரெய்லர் ஒன்று கடை மைதானத்திலேயே தயாராக நின்றது. மே மாதம் கிளம்பி மொன்டானாவில் ஓர் ஏரிக்கரை முகாமில் கோடை முழுக்க இருவருமாகக் காவல் வேலை பார்ப்பது என்று ஏற்பாடு. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய நெட்ரா, மலை என்று ஒன்றை நிஜமாகப் பார்க்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

எந்தக் கொக்கி என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. காலை எட்டு மணிக்குக் காபிக் கடையின் வட்ட மேஜையில் கூடும் கூட்டம் பந்தயம் கட்டப் பார்த்தது. எதிர்ப்பக்கம் கட்ட ஆள் கிடைக்காததால் பந்தயமே நடக்கவில்லை. "தானா நகர்றது தலை இல்லாதவனுக்கு. கழுத்துக்கு மேல ஏதாச்சும் இருக்கிறவனுக்குக் கைப்பிடி போதும்" என்று அந்த மேஜையில் இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வந்தவர் ஹார்லன். தனக்காக ஒரு கைப்பிடிக் கொக்கியைக் கிடங்கின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். கைப்பிடிக்குச் சிவப்புப் பெயின்ட் கூட அடித்தாயிற்று.

அந்தக் குளிர்காலத்தில் ஹார்லனைப் பற்றி ஊர் வேறு ஒன்றைத்தான் பேசிக்கொண்டிருந்தது. நேராகச் சொன்னால், நெட்ராவைப் பற்றி. வெள்ளிக்கிழமை தவறாமல் நெட்ரா பீச் பழம் போட்ட கோப்ளர் என்ற இனிப்புப் பலகாரம் ஒன்றைச் சுட்டு, துணி போட்டு மூடி, கடைக்குக் கொண்டுவந்து டெல்பர்ட் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். புருஷனுக்கு ஒரு கரண்டி கிடையாது. டெல்பர்ட் ஐம்பத்திரண்டு வயசு, பெருத்த வயிறு, ஓயாத வாய், இரண்டு முறை விவாகரத்து ஆனவன். இதற்கு மேல் ஒரு ஊருக்கு என்ன வேண்டும்?

"பிரேக் சரி பண்ணிக் குடுத்தான், அதுக்குத்தான்" என்றாள் நெட்ரா, ஹார்லன் கேட்டபோது.

"அக்டோபர்ல சரி பண்ணின பிரேக்குக்கு மார்ச் வரைக்குமா கோப்ளர்?"

"நல்ல பிரேக்."

ஹார்லன் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கு உள்ளே வேறு கவலை இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. ஏழு இலக்க எண்ணில் கடைசி இரண்டு வழுக்க ஆரம்பித்திருந்தது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஒருநாள் உள்ளங்கையில் எழுதியதை எதற்காக எழுதினோம் என்று தெரியாமல் கை கழுவுமிடத்தில் வெகுநேரம் நின்றார். ஓய்வு வரப்போகிறது, மனசு அலைகிறது, அதுதான் என்று சொல்லிக்கொண்டார். அவருடைய அப்பா எழுபத்தொன்றாவது வயசில் கோழித்தீவனம் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனவர், மறுநாள் பக்கத்து மாநிலமான அர்க்கன்சாவில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்று, தன் வீடு எந்தப் பக்கம் என்று கல்லாக்காரியிடம் கேட்டவர். அந்தப் பங்குக்குப் போய் அப்பாவை அழைத்துவந்தது ஹார்லன்தான். வழியெல்லாம் அப்பா அவரை மரியாதையாக 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

அதனால்தான் அந்தச் சிவப்புக் கைப்பிடி. அதை இழுக்க மறக்காத வரை, தான் அப்பா மாதிரி ஆகிவிடவில்லை. ஹார்லனின் கணக்கு அப்படி.

ஏப்ரல் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, டெல்பர்ட் கடைவாய்ப்பல் பிடுங்கப் போய்விட்டான். ஹார்லன் தனியாகக் கடையைத் திறந்தார். பத்து மணிக்கு டெலிபோன். பேசியது டீக்கன் ராய்ஸ் மௌபின்.

"ஹார்லன், எம்பேரு வச்ச ஜீவன் சர்ச் வாசல்ல நிக்குது."

"என்ன பண்ணுது?"

"ஈஸ்டருக்கு வச்ச லில்லிப் பூவைத் தின்னுட்டிருக்கு. பதினாலு தொட்டி இருந்துச்சு. இப்ப அஞ்சு இருக்கு. நீ பேசப் பேச நாலாகுது."

ஹார்லன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கேட் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

எவனோ திறந்துபோட்டுப் போயிருக்கிறான் என்றுதான் முதலில் திட்டினார். கயிறு கிடைக்காமல் தன் பெல்ட்டை உருவிக்கொண்டு, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி சர்ச்சுக்கு நடந்தார். டீக்கனை டீக்கனிடமிருந்து பிரித்து, பெல்ட்டைக் கழுத்தில் மாட்டித் திரும்ப இழுத்து வரும்போது, காபிக் கடை வாசலில் வட்ட மேஜை முழுக்க எழுந்து நின்றது.

"யாருப்பா கேட்டைத் திறந்துபோட்டது?" என்று ஒருவர் கத்தினார்.

"வாடிக்கைக்காரன் எவனோ" என்றார் ஹார்லன்.

சொன்ன பிறகு பத்தடி நடந்திருப்பார். அப்போதுதான் அது உறைத்தது. காலையிலிருந்து வாடிக்கைக்காரன் ஒருவனும் வரவில்லை. தபால்காரம்மா வேலிக்கு வெளியே பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அந்தக் கேட் வழியாக அன்றைக்கு உள்ளே நுழைந்தது ஒரே ஓர் ஆள்தான்.

ஆட்டை உள்ளே விட்டார். கொண்டியை மாட்டினார். கவுண்டருக்குப் போய் உட்கார்ந்தார். எழுந்து வந்து, மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து பார்த்தார்.

மத்தியானம் டெல்பர்ட் வந்தான். ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கி, வாய் நிறையப் பஞ்சு. மூன்று மணி நேரம் வாயைத் திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டெல்பர்ட் பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

"டெல்பர்ட், இங்க வா. உக்காரு" என்றார் ஹார்லன். "காலைல நான் கேட்டைச் சாத்தல. ஆடு ரோட்டுக்குப் போயிடுச்சு."

டெல்பர்ட் தரையைப் பார்த்தான்.

"நீ ஏன் ஆச்சரியப்படல?"

டெல்பர்ட் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாது என்று சைகை செய்தான். ஹார்லன் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்து, ஒரு சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

"எழுது. இதுக்கு முன்னாடியும் நான் திறந்துபோட்டிருக்கேனா?"

டெல்பர்ட் தலையை ஆட்டினான்.

"எப்பலேர்ந்து?"

'அக்டோபர்' என்று எழுதினான். ஹார்லனின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கீழே எழுதினான்: 'தினமும் இல்லை. வாரத்தில் ரெண்டு மூணு நாள்தான்.'

"நீ பின்னாடியே வந்து சாத்திட்டிருந்தே."

தலையாட்டல்.

"நெட்ராவுக்குத் தெரியுமா?"

டெல்பர்ட் பென்சிலைக் கடித்தான். அந்தப் பக்கம் பல் இல்லை என்று ஞாபகம் வந்து துடித்தான். பிறகு, பள்ளிக்கூடத்தில் தப்பை ஒப்புக்கொள்பவன் மாதிரி சின்ன எழுத்தில் எழுதினான்: 'கோப்ளர் அதுக்குத்தான்.'

ஹார்லன் அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அன்றைக்குக் கடையை மூன்று மணிக்கே சாத்தினார். கேட்டை டெல்பர்ட் சாத்தினான், அவர் பார்க்கும்படியே.

நெட்ரா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஹார்லன் சீட்டைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். அவள் படித்துவிட்டு, கத்தியைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்:

"அவனுக்கு எழுத்துப்பிழை இல்லாம எழுத வருதே, பரவாயில்ல."

"நெட்ரா."

"என்ன சொல்லச் சொல்றே? 'ஹார்லன், நீ கேட்டைச் சாத்த மறக்கிறே, ஊர்ல எல்லாருக்கும் நீ தீர்ப்பு சொல்ற அதே கேட்டை'ன்னா? சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"எங்கயும் போகாம வீட்ல உக்காந்திருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல."

"எங்க அப்பா..."

"உங்க அப்பாவை எனக்குத் தெரியும். உன்னையும் தெரியும்." இப்போது கத்தியைக் கீழே வைத்தாள். "ஆறு மாசமா வாரத்துக்கு ஒரு கோப்ளர் சுட்டிருக்கேன். அந்த டெல்பர்ட்டுக்கும் எனக்கும் தொடுப்புன்னு சர்ச்சுல பேசறாளுக. அதையும் சகிச்சேன். இதெல்லாம் நீ வீட்ல உக்காந்து ஜன்னலைப் பாக்கிறதுக்கா? வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். ஏற்கெனவே ரெண்டு தடவை நேரம் வாங்கி, நீ சாக்கு சொல்லி வரல."

"ரெண்டு தடவையா?"

"பாத்தியா!"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை வெங்காயக் கை என்று மறந்து, இன்னும் அதிகமாகத் துடைத்தாள்.

வியாழக்கிழமை டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார், ஐந்து வார்த்தை சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கேட்டார். ஹார்லன் மூன்றைச் சொன்னார். அதோடு, டாக்டர் மேஜையில் இருந்த பழைய பிக்கப் பொம்மைக்கு எந்த வருஷத்து முகப்பு விளக்கு என்பதையும் சொன்னார், யாரும் கேட்காமலே. இப்போதைக்குப் பயப்படும்படி இல்லை, ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், வண்டி ஓட்டலாம், பக்கத்தில் மனைவி இருக்கட்டும் என்றார் டாக்டர். அதற்கு மேல் ஓர் எழுத்துக்கூட அவரிடமிருந்து பெயரவில்லை.

திரும்பி வரும் வழியில் நெட்ராதான் பேச்சை எடுத்தாள்.

"கைப்பிடிக் கொக்கியே இருக்கட்டும், ஹார்லன். அந்தச் சிவப்புக் கைப்பிடி. நான் ஞாபகம் வச்சுக்கிறேன். ஓட்டறது பாதி நான், இறங்கி இழுக்கிறது முழுசும் நான். இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு நடைக்கும் பஸ்ஸோட கடைசி சீட்டு வரைக்கும் நடந்து பாத்தவ. ஒரு பிள்ளையைத் தூங்கவிட்டு வந்ததில்ல. ஒரு கைப்பிடியையா மறப்பேன்?"

ஹார்லன் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். அது எவ்வளவு பெரிய சலுகை என்று அவருக்குத் தெரியும். அப்படிச் செய்தால் காபிக் கடை மேஜைக்கு எதுவும் தெரியாது. ஊர் கண்ணுக்கு அவர் பழைய ஹார்லன்தான். கோப்ளர் மாதிரி இன்னொரு மறைவு.

வீட்டு ஷெட்டுக்குள் வண்டியை நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒரு நாள் உனக்குக் காய்ச்சல் வரும். பின்னாடி படுத்திருப்பே. நான் பெட்ரோல் பங்குல திருப்புவேன்."

நெட்ரா அவரைப் பார்த்தாள். பெட்ரோல் பங்கு என்று அவர் சொன்னது எந்தப் பங்கை என்று அவளுக்குத் தெரியும்.

"சரி" என்றாள்.

மறுநாள் காலை ஹார்லன் கடைக்குள் முன்வாசல் வழியாக வந்தார், வாடிக்கைக்காரர் மாதிரி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உள்ள ஸ்டூலில் உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷத்தில் அந்த ஸ்டூல் அவ்வளவு ஆடும் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் டெல்பர்ட், வீக்கம் வடிந்து, வாய் பழையபடி.

"என்ன பெரியவரே, இடம் மாறி உக்காந்துட்டீங்க?"

"கொக்கி ஒண்ணு வேணும். குட்டைத் தொட்டி. முப்பத்திரண்டடி டிரெய்லர். நீதான் சொல்லணும், எது சரிப்படும்னு."

டெல்பர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முறைப்படி கழுத்தை நீட்டி ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தான். கொண்டி மாட்டியிருந்தது.

"சாத்தியிருக்கே!" அவன் முகம் மலர்ந்தது. "கைப்பிடியே போதும் உங்களுக்கு. உள்ளதான் சிவப்பு அடிச்சு வச்சிருக்கு, எடுத்துட்டு வரவா?"

"டெல்பர்ட், இன்னிக்குப் பரீட்சைன்னு தெரிஞ்சு வந்தவன் நான். எவனும் சாத்துவான். அக்டோபர்லேர்ந்து பாத்துச் சொல்லு."

டெல்பர்ட் கொஞ்ச நேரம் கவுண்டரில் இல்லாத தூசியைத் தட்டினான். அவன் வாயிலிருந்து வார்த்தை வர நேரமானது, இந்த முறை பஞ்சு இல்லாமலேயே.

"தானா நகர்றது" என்றான்.

"எண் சொல்லு."

டெல்பர்ட் புத்தகம் புரட்டி ஏழு இலக்கத்தையும் படித்தான். ஹார்லன் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளவில்லை. "சரியாத்தான் சொல்றே" என்றார். "முளைக்குப் போடற ஆப்பும் சேத்து எழுது. அது இல்லாம இது நகராது. அதை வாங்க மறந்துட்டு எத்தனை பேர் திரும்பி வந்திருக்கான் தெரியுமா?"

சீட்டை வாங்கிக்கொண்டு நேரே காபிக் கடைக்குப் போனார். வட்ட மேஜை நிறைந்திருந்தது. உட்காரவில்லை.

"ஆடு போனது வாடிக்கைக்காரனால இல்ல. நான்தான் கேட்டை மறந்தேன். இப்பதான் தானா நகர்ற கொக்கிக்குச் சீட்டு வாங்கிட்டு வர்றேன். கோப்ளர் எதுக்குன்னும் சொல்லிடறேன், அதைப் பத்தித்தானே நீங்க ராத்தூக்கம் கெட்டீங்க" என்று ஆரம்பித்து அதையும் சொல்லி முடித்தார்.

ஆறு மாசமாக மென்ற வெற்றிலையை ஒரே நொடியில் துப்பச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது மேஜைக்கு. கடைசியில் ராய்ஸ் மௌபின்தான் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"உக்காரு, ஹார்லன். நானும் போன மாசம் காணிக்கைத் தட்டைச் சுத்தவே மறந்துட்டேன். ரெண்டாவது பாட்டு வரைக்கும் கைல வச்சிட்டு நின்னேன். யாரும் ஞாபகப்படுத்தல."

"நாங்க ஏன் ஞாபகப்படுத்தறோம்?" என்றது மேஜை.

ஹார்லன் உட்கார்ந்தார். காபி வந்தது.

மே மாதம் இரண்டாம் வாரம் கிளம்பினார்கள். கடை மைதானத்திலிருந்து வெளியேறும் இடமே ஒரு குறுக்குத் திருப்பம்தான். நெட்ரா பக்கத்து சீட்டில். ஹார்லன் முளையைக் கவ்வ வைத்து, இறங்கிப் போய்த் தாடை பூட்டியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்து, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை இழுத்தும் பார்த்தார். அது வெளிவராது என்று தெரிந்த பிறகுதான் நகர்த்தினார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். பின்னால் பிரம்மாண்டமான தோள்பட்டை மெதுவாகச் சுழன்று வந்தது. இருபத்தாறு வருஷம் மற்றவர்களுக்கு விற்ற திருப்பம் அது. முதல் தடவையாகத் தன் கழுத்துக்குப் பின்னால். தோள் சுருங்கியது அவருக்கு. இரும்பு கிறீச்சிட்டது. கொக்கி தானாகப் பின்னால் வழுக்கிப் போனது. கண்ணாடிக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு அந்த வெள்ளை மதில் நகர்ந்து கடந்தது. யாரும் எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"மூச்சை விடு" என்றாள் நெட்ரா.

கேட்டைத் தாண்டி ரோட்டோரம் நிறுத்தினார். பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது, யாரும் தொடாமலே கேட் மெல்லத் திரும்பி வந்து, டக்கென்று கொண்டி விழுந்து சாத்திக்கொண்டது. டெல்பர்ட் கதவு ஸ்பிரிங் ஒன்றைக் கேட்டில் பூட்டியிருந்தான். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தான். பக்கத்தில் ஆடு.

ஹார்லன் ஜன்னலை இறக்கினார். "ஏய் மடையா! கேட் தானா சாத்திக்கிச்சுன்னா, எவனுக்கு எந்தக் கொக்கின்னு இனிமே எப்படிக் கண்டுபிடிப்பே?"

"பொண்டாட்டிகிட்ட கேப்பேன்!" என்று கத்தினான் டெல்பர்ட்.

"இருபத்தாறு வருஷம் முன்னாடியே அதைச் செஞ்சிருக்கலாம்" என்றாள் நெட்ரா. "ஆட்டுக்குப் பின்னாடி ஓடறதாவது மிச்சமாகியிருக்கும்."

ஹார்லன் சிக்னல் போட்டார். ரோடு காலியாகத்தான் இருந்தது. ஆனால் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை.

"எதையோ மறந்துட்டேன்" என்றார்.

நெட்ரா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கி, டிரெய்லரின் பின்பக்கம் வரை நடந்து போனாள், பள்ளிக்கூட பஸ்ஸில் நடப்பது போலவே, ஒவ்வொரு கதவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. திரும்பி வந்து ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல. ஓட்டு."